நீலத் துகிலுக்கு அடியில்

கடலையே கழனியாகக் கொண்டு அதில் கல்லையும் செங்கல்லையும் விளைவித்து வாழும் வெனிசு நகரின் கீழைப்பகுதியில், தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு பிற்பகல், வானும் நீரும் தமக்குள் எல்லை வகுத்துக்கொள்ள மறந்தாற்போல மூடுபனி இறங்கி நின்றது. பாலங்கள் இரு முனைகளையும் இழந்து நடுவளைவு மட்டும் கொண்டு மிதந்தன. மணிக்கூண்டுகள் இடுப்புக்கு மேல் இல்லாமற்போயின. வாய்க்காலில் வரும் படகுக்காரர் திருப்பந்தோறும் குரல் கொடுத்து, மறுகுரல் எழுகிறதா என்று செவி சாய்த்து, பின்னரே துடுப்பை அழுத்தினர். பனி நாளில் அந்நகரத்தார் முகத்தைக் காணாமல் குரலைக் கொண்டே ஆளை அறிவர்; ஆதலின் ஐயம் முளைப்பதற்கும் அது ஏற்ற நாளாகும்.

அப்பனியூடே, அளவுகோலைத் தோளில் சாய்த்து, இசெப்போ என்பான் இரண்டு பாலங்களைக் கடந்து ஓவியர் அல்மொரோவின் வீட்டிற்குச் சென்றான். ஓவியங்களுக்குச் சட்டம் இழைத்து, செதுக்கி, பொன் போர்த்தும் தச்சன் அவன், நாற்பத்திரண்டு அகவையினன், பேச்சில் சிக்கனமும் வேலையில் ஊதாரித்தனமும் கொண்டவன். தச்சர் கூட்டத்தார் தங்கள் காவலரான தூய வளனாருக்குப் பங்குக் கோவிலில் எழுப்பியிருந்த பீடத்திற்குப் புதிய ஓவியம் ஒன்று வரையச் செய்தனர். அதற்குரிய சட்டம் இசெப்போவிடம் வந்தது. ஊரார் சூசையப்பர் என்று அழைக்கும் அவ்வளனாரின் பெயரே அந்நாட்டு நாவில் தேய்ந்து இசெப்போ என்றாயிற்று. ஆகவே ஓவியத்தின் திரை விலகவிருந்த வளனார் திருநாள் அவனுக்குப் பெயர்நாளும் ஆயிற்று.

ஓவியர் மேலறையில் துணியை விலக்கிக் காட்டினார். தச்சு மேசையருகே களைத்துத் துயிலும் வளனார்; அவர் தோளருகே, காற்றில் ஒரு கால் ஊன்றினாற்போல் இறங்கும் வானதூதர்; பின்னே, சாளரத்து ஒளியில், தையலை மடியில் நழுவவிட்டு, இரு கைகளையும் உள்ளங்கை மேல்நோக்க விரித்து அமர்ந்திருக்கும் அன்னை மரியாள். தன் மனைவி கருவுற்றதை அறிந்து ஐயுற்ற கணவனுக்கு, ஐயுற வேண்டா என்று கனவில் சொல்லப்படும் காட்சி அது. இசெப்போ வளனாரையும் காணவில்லை, தூதரையும் காணவில்லை. அன்னையின் இடக்கைச் சிறுவிரல், நடுக்கணுவில் உள்நோக்கி வளைந்து, கோணிய ஆணிபோல் நின்றது. அவன் பார்வை அவ்வாணியில் மாட்டிக்கொண்டது.

அவ்விரலை அவன் அறிவான். நான்கு குளிர்காலங்களுக்கு முன், காற்றில் அறைந்த கதவிடையே அகப்பட்டு ஒடிந்த தன் மனைவி ஓர்சொலாவின் விரல் அது. மருத்துவன் வரும்வரை காத்திராமல், பேரி மரத்துச் சிம்பு இரண்டை இழைத்து, தன் கையாலேயே வைத்துக் கட்டியவன் அவன். கட்டு அவிழ்ந்தபோது விரல் நேராகாமல் நின்றதற்காகத் தன்னைத்தானே பல நாள் நொந்தவனும் அவனே.

"முகத்துக்கு யாரய்யா உக்காந்தது?" என்று கேட்டான், அளவுகோலை விரித்தபடி.

"முகம் என் மனசுல இருந்து வந்தது."

"கை?"

"கையா? அது வானத்துல இருந்து எறங்கிச்சு." ஓவியர் சிரித்தார், மனைவியை இழந்து ஐந்தாண்டு ஆகியும் சிரிப்பை இழக்காதவர். "நீ அளவை எடு, இசெப்போ. கைக்கு மட்டுமா சட்டம் போடப் போற?"

அந்நகையாட்டு, கேட்டவன் நெஞ்சில், ஈரச் சுண்ணத்தில் விழுந்த நிறம்போல் உள்ளிறங்கியது. அவன் அளவெடுத்தான், எடுத்த அளவை மறந்து மீண்டும் எடுத்தான், சொல்லாமல் இறங்கிப்போனான்.

வீட்டில் ஓர்சொலா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மணிகளை நூலில் கோக்கும் தொழிலினள் அவள். அடுப்பருகே இருந்த மரத்தட்டில் அன்றைய நீலமணிகள் குவிந்து கிடந்தன.

"படத்தைப் பாத்தீங்களா?" என்றாள், கரண்டியை நிறுத்தாமல்.

நாள்தோறும் அவன் வேலையைப்பற்றி ஒரு சொல்லும் கேளாதவள் இம்மாதத்தில் நான்காம் முறை கேட்கிறாள் என்பதை அவன் எண்ணிக்கொண்டான்.

"இந்தப் பனியில என்ன தெரியும்? துணி போட்டு மூடி வச்சிருந்தாரு."

அவள் முகத்தில் ஒரு தளர்ச்சி தோன்றி மறைந்தது. அதை அவன் நிம்மதி என்று கொண்டான்.

"அல்மொரோ ஐயாவை உனக்குத் தெரியுமா?"

"ஓவியரையா? ஊருக்கே தெரியும்."

"அவர் வீட்டுப் பக்கம் போயிருக்கியா?"

"அவர் வீட்டுக்கு நான் எதுக்குங்க போறேன்? மணி கோக்கவே பொழுது பத்தல." இதைச் சொல்லுகையில் அவள் உதட்டின் ஓரம் துடித்தது, சிரிப்பை அடக்குவோர் உதடும் பொய்யை அடக்குவோர் உதடும் துடிப்பது ஒரே வகையில் என்பதால், அவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான்.

ஐயம் புகுந்த நெஞ்சு நேற்றைய நிகழ்ச்சிகளையெல்லாம் திரும்ப அழைத்து, ஒவ்வொன்றையும் புதிய விளக்கொளியில் நிறுத்தி உசாவும் இயல்புடையது. ஒரு திங்களுக்கு முன் அவள் மணிக்கட்டில் செம்பொடி படிந்திருக்கக் கண்டது நினைவுக்கு வந்தது. பொன்தாள் ஒட்டுவதற்கு முன் மரத்தில் பூசும் தன் செம்மண் குழம்பு, தன் சட்டையைத் துவைக்கும்போது ஒட்டியிருக்கும் என்று அன்று விட்டுவிட்டான். இன்று நினைத்துப் பார்க்கையில், செம்மண் குழம்பு பசையிற் குழைந்தது, காய்ந்தால் தோலை இறுக்கும், நகத்தால் சுரண்டினாலன்றிப் போகாது. அன்று அவள் மணிக்கட்டில் இருந்ததோ மாவுபோல் ஊதப் பறந்தது. அது ஓவியர் கையிற் பிடித்து வரையும் செங்காவிக் கட்டியின் பொடி. மணிக்கட்டைச் சுற்றி, ஒரு பிடிபோல, அது படிந்திருந்தது.

மறுநாள் அவள் நீர் மொள்ளச் சென்றபோது, மணித்தட்டின் அடியில் நீலத் தாளொன்றின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிவதற்குள் அவள் திரும்பிவந்து, தட்டைச் சற்றே நகர்த்தி வைத்தாள்.

"என்ன அது?"

"மணி சுத்தி வந்த தாளுங்க."

மணி வணிகர் தரும் தாள் முரட்டு மஞ்சள் தாள். நீலத்தாளில் வரைவோர் ஓவியரே. அவளிடமிருந்து அவன் கேட்ட ஒரே பொய் அதுதான்; அவன் நெஞ்சு அதைக் கொண்டு மற்றெல்லாவற்றையும் பொய்யாக்கிற்று.

அதன்பின் தெருவே அவனுக்கு எதிராகத் திரும்பியதுபோல் ஆயிற்று. அவன் வரும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினர். கடந்தபின் அடக்கிய சிரிப்பு எழுந்தது. அடுத்த வீட்டுப் படகுக்காரன் மனைவி பெத்தீனா, வாய்க்கால் படியில் மீன் கழுவியவாறே அவனை மறித்தாள்.

"அண்ணே, சூசையப்பர் திருநாளுக்குப் புதுச் சட்டை போட்டுட்டு வாங்க. கோவில்ல எல்லாரும் உங்க முகத்தைத்தான் பாக்கப் போறோம்."

"என் முகத்துல என்ன இருக்கு?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்குத் தெரியும்." அவள் பின்னால் நின்ற இருவர் முகத்தைத் தோள்துணியில் புதைத்தனர். "போங்கண்ணே, சும்மா சொன்னேன். முகத்தை இப்பிடி வச்சுக்கிட்டா சாளை மீனும் கெட்டுப்போகும்."

ஊரே அறிந்து கணவன் மட்டும் அறியாத செய்தி எத்தகையது என்பதை எந்த நாட்டு ஆடவனும் எளிதில் ஊகிப்பான். இசெப்போ ஊகித்தான். தன் பெயர் கொண்ட வளனாருக்கு ஐயந்தீர்க்க ஒரு தூதர் வந்தார். தனக்கோ மீன் கழுவும் பெண்ணின் கேலியே வந்தது என்று கசந்தான். மனைவியிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் விடை கிடைத்துவிடுமே என்று அஞ்சினான்.

அந்நகரின் பொதுக் கட்டடங்களின் சுவரில் ஆங்காங்கே கல்லில் செதுக்கிய சிங்கமுகம் உண்டு. அதன் பிளந்த வாய் ஒரு துளை. மறைவான குற்றங்களை அறிந்தோர் சீட்டில் எழுதி அதனுள் இடுவர். அவ்வாய் வாங்கும், திருப்பித் தராது. பெயரிடாத சீட்டுகளில் பெரும்பாலானவற்றை எரித்துவிடுவர் எனினும், இறைப்பழிப்பைப் பற்றியவற்றை எரிப்பதில்லை என்பது எல்லாரும் அறிந்ததே.

வியாழக்கிழமை காலை, பட்டறையில் தனித்து, சட்டத்தின் மூலை இலைகளுக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தவன், தூரிகையை வைத்துவிட்டு இறகை எடுத்தான். மரவளவு எழுதிப் பழகிய கோணல் எழுத்தில், பீடத்து ஓவியத்தில் அன்னையின் கைகள் மணமான ஒரு பெண்ணுடையவை என்றும், கணவனறியாமல் அவளை வரவழைத்து ஓவியர் வரைந்தார் என்றும், அக்கைகளுக்கு முன் மக்கள் மண்டியிடுதல் தகாது என்றும் எழுதினான். அவள் பெயரை எழுத இறகு இறங்கியது, எழுதாமல் மேலெழுந்தது. அவ்வளவு அன்பு அவனிடம் இன்னும் எஞ்சியிருந்தது. மை உலருமுன் தாளை மடித்து, நடந்து, சிங்கத்தின் வாயில் இட்டான். தாள் உள்ளே விழும் ஓசைகூடக் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, தெளிந்த வானின் கீழ், முடித்த சட்டத்தைப் படகிலேற்றி அவன் ஓவியர் வீட்டை அடைந்தபோது, மேலறையில் வேறிருவர் நின்றனர். ஒருவர், நகரின் மறுகோடியில் வாழும் தச்சர் கூட்டத் தலைவர் மெனேகோ. மற்றவர், சிங்கவாய்ச் சீட்டுகளை ஆராயும் மன்றத்து எழுத்தர். கறுத்த மேலங்கியும் சளி பிடித்த மூக்குமாக, ஒரு சீட்டைக் கையில் பிடித்திருந்தார்.

"கை யாரோடது?" என்றார் எழுத்தர்.

"மணி கோக்குற பொம்பளை ஒருத்தியோடது," என்றார் ஓவியர். "பேரு கேக்கல. நான் விரலைத்தான் பாத்தேன்."

"இங்க வரச் சொன்னீங்களா?"

"எதுக்கு வரச் சொல்லணும்? அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட முற்றத்துக் கிணத்தடியில பத்துப் பொம்பளைங்க உக்காந்து பட்டப்பகல்ல மணி கோக்குறாங்க. நான் கிணத்து மேடையில உக்காந்து வரைஞ்சேன். கையை இப்பிடித் திருப்பும்மான்னு மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்புனேன், அதுக்கே ஒன்பது பேரும் ஊளையிட்டுச் சிரிச்சாங்க. ரெண்டு தாள் வரைஞ்சேன். வீட்டுக்காரருக்குக் காட்டணும், ஒண்ணு தாங்கன்னு அவ கேட்டா, குடுத்தேன். இதுல மறைவு எங்கய்யா இருக்கு? தெருவே பாத்துச்சு."

இசெப்போ சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்து நின்றான். விடியுமுன் பட்டறைக்குப் போய் விளக்கேற்றியபின் திரும்பும் அவன், தன் வீடிருந்த அம்முற்றத்தில் பகல் எப்படி இருக்கும் என்பதை எத்தனையோ ஆண்டுகளாகக் கண்டதில்லை. அவ்விரலை நாள்தோறும் தெருவே கண்டது, கதிரவனும் கண்டான், காணாதவன் அவன் ஒருவனே.

"சீட்டுல மணமானவளோடதுன்னு இருக்கு," என்றார் எழுத்தர். "கணவனுக்குத் தெரியாமன்னு இருக்கு."

"எழுதுனவன் யாரு? அந்தக் கணவனா?" என்று ஓவியர் சீறினார். மெனேகோ சீட்டை வாங்கி ஒளியில் பிடித்தார்.

"பெருவிரல் பதிஞ்சிருக்கே. செம்மண்ணு. இது நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன், சட்டம் போடுறவன். பதினொரு பேரு இருக்கானுங்க, எவன்னு கண்டோம்." பின்பு இசெப்போவை நோக்கி, "நீ சொல்லுப்பா. உன் கூட்டாளிங்கள்ல யாரு இப்பிடிப்பட்ட பாவி?" என்றார்.

"தெரியலங்க."

எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூவரையும் பார்த்தார். "இந்தக் கை யாரோடதுன்னு இங்க யாருக்காவது தெரியுமா? அவ கணவன் வந்து, எனக்குச் சம்மதந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் சீட்டைக் கிழிச்சுட்டுப் போயிடுவேன். எனக்கும் காய்ச்சலா இருக்கு."

ஒரு வார்த்தை. அறையில் ஓவியரின் எண்ணெய்க் கிண்ணத்தில் ஈ ஒன்று முனகிற்று. இசெப்போ சட்டத்தின் மூலையிலிருந்த பொன்னிலையைப் பார்த்தான். அது நன்றாக ஒட்டியிருந்தது. அவன் வாய்திறந்தால் கணவன் என்பது தெரியும். கணவன் என்பது தெரிந்தால், பெருவிரலும் தெரியும். அவன் திறக்கவில்லை.

"அப்ப மறைச்சுடுங்க," என்றார் எழுத்தர்.

ஓவியர், விலையுயர்ந்த நீலம் இருந்த சிமிழை ஒதுக்கிவிட்டு, மலிவான புது நீலத்தை எண்ணெயில் நீர்க்கக் கரைத்தார். "இதுக்கு மட்ட நீலமே போதும்," என்று மட்டும் சொன்னார். அன்னையின் மேலாடை மடியில் சரிந்து கிடப்பதுபோல் நான்கு வீச்சில் ஒரு துகிலை எழுதினார். முதல் வீச்சில் வலக்கை போயிற்று. கடைசி வீச்சில் அக்கோணிய விரல் போயிற்று. இசெப்போ அதுவரை சட்டத்தைப் பிடித்தபடியே நின்றான்.

திருநாள் வந்தது. கோவிலில் மெழுகுத்திரிகளின் நடுவே திரை விலகியபோது, முன்வரிசையில் நின்ற கிணற்றடிப் பெண்கள் ஒன்பது பேரும் ஓவியத்தைப் பாராமல் இசெப்போவின் முகத்தைப் பார்த்தனர். பின்பு ஓவியத்தைப் பார்த்தனர். பின்பு ஒருவரையொருவர் பார்த்தனர். ஓர்சொலா புதிய கழுத்துத்துணி அணிந்து வந்திருந்தாள். நீலத்துகிலை அவள் நெடுநேரம் நோக்கினாள், இன்னும் ஒரு திரை விலகவேண்டியிருக்கிறது என்று காத்திருப்பவளைப்போல. வாயிலில் மெனேகோ, சீட்டையும் செம்மண் விரலையும் பற்றிக் கேட்டவர் கேளாதவர் அனைவர்க்கும் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதையும் கேட்டாள்.

வீட்டிற்கு வந்ததும், மணித்தட்டின் அடியிலிருந்து நீலத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். செங்காவியில், விரிந்த இரு கைகள்.

"உங்க பேர்நாளுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். ஒன்பது பேரையும் வாயே தெறக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். பெத்தீனாவைக் கட்டிப்போட்டதே பெரும்பாடு." தாளின் மூலையை விரலால் நீவினாள். "யாரும் சொல்றதுக்கு முன்னால, நீங்களாப் பாத்துக் கண்டுபிடிக்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்ல."

அவன் தாளைத் தொடவில்லை.

"படத்துல அந்த நீலத்துணி இல்லேன்னா, கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

கண்ட நொடியே அறிந்தேன் என்பது மெய். அதைவிட இனிய விடையை அவள் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அம்மெய்யை எடுத்தால், அதன் வேரில் சிங்கத்தின் வாயும் சேர்ந்து வரும்.

"எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றான். "எல்லாக் கையும் கைதானே."

அவள் அவன் வலக்கையைப் பற்றி, உள்ளங்கை மேல்நோக்கத் திருப்பினாள். பெருவிரல் ரேகைகளில், எத்தனை முறை கழுவினும் போகாத செம்மண் கோடுகோடாக நின்றது. தன் கோணிய விரலால் அதை ஒருமுறை தேய்த்தாள், போகவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள். "களி ஆறுது."

அத்தாளுக்கு அவன் பேரி மரத்தில் சட்டம் செய்தான். பொன்னும் பூசவில்லை, செம்மண்ணும் பூசவில்லை. அதன்பின் பதினேழு ஆண்டு அவர்கள் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தனர். நற்கணவன் என்றும் நன்மனைவி என்றும் தெரு அவர்களைச் சொல்லிற்று. ஒவ்வொரு நாளும் அவள் அறிவாளோ என்று அவன் ஐயுற்றான். அவள் முகம் எதையும் சொல்லவில்லை. சிங்கத்தின் வாய் அவளுக்கும் திறந்தேயிருந்தது. அவள் அதில் ஒன்றும் இடவில்லை. அவன் செவியிலும் இடவில்லை. மார்புச்சளியில் அவன் இறந்தபோதும், அக்கேள்வி கேட்கப்படாமலே அவனோடு தீவுக் கல்லறைக்குப் படகேறிப் போயிற்று.

கற்றறிந்தோரே, மலிந்த நீலம் நெடுநாள் நில்லாது; நீர்க்கப் பூசினால் இன்னும் விரைவில் மெலியும். அவன் மறைந்த மறு ஆண்டு, வளனார் திருநாளின் காலையில், பல் விழுந்த பெத்தீனா பீடத்தருகே நின்று திடுமெனத் தோழியின் தோளைப் பற்றினாள். பனியின் பின்னே பாலம் தோன்றுவதுபோல், துகிலின் அடியில் இரு கைகள் வெளிறித் தெரிந்தன. இடக்கைச் சிறுவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது.

"அக்கா, உங்க விரல். ஐயோ, அண்ணன் பாக்காமப் போயிட்டாரே."

ஓர்சொலா நிமிர்ந்து பார்த்தாள். துயிலும் வளனாரின் கண்கள் மூடியே இருந்தன.

"அவரு முதல்லயே பாத்துட்டாருடி," என்றாள். மெழுகுத்திரியைப் பொருத்தி, அவர் காலடியில் வைத்தாள்.